பெற்றோருக்கு அமெரிக்கக் குடியுரிமை வந்தாச்சு, பிள்ளைக்கு?

நான் அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்று என் மகளுக்குப் பதினெட்டு வயதாக நான்கு மாதம் பாக்கி இருந்தது. மகனுக்கு 12. மனைவி இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே இருந்துகொள்வதாக முடிவு. ஊரில் கொஞ்சம் தோட்ட நிலம் வாங்கும் ஆசை அவருக்கு இன்னும் போகவில்லை. சரி, பிள்ளைகளுக்கு இனி என்ன விண்ணப்பம் போடுவது என்று நண்பர்கள் மூன்று பேரைக் கேட்டேன். ஒருவர் என்-400 (பெரியவர்கள் குடியுரிமை கேட்டுப் போடும் விண்ணப்பம்) என்றார், ஒருவர் என்-600 (குடியுரிமைச் சான்றிதழுக்கான விண்ணப்பம்) என்றார், இன்னொருவர் நேரே பாஸ்போர்ட்டுக்குப் போ என்றார். மூன்றாமவர் சொன்னதுதான் எனக்கு ஒத்துவந்தது. அது புரிவதற்குள் இரண்டு மாதமும், வீணாய்ப் போன ஒரு விடுப்பு நாளும், மனைவியிடம் வாங்கிய வசவும் கணக்கில் ஏறிவிட்டன.

முதலில் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிள்ளைக்குக் குடியுரிமை கேட்டு நீங்கள் விண்ணப்பிக்கப் போவதில்லை. நிபந்தனைகள் எல்லாம் ஒன்றுகூடிய நாளிலேயே சட்டப்படி அது பிள்ளைக்கு வந்துவிட்டது. இனி செய்வதெல்லாம் வந்ததை நிரூபிக்கும் வேலை. எந்தப் படிவம், எந்தக் காகிதம், எதற்கு அவசரம், எதற்கு அவசரமில்லை என்று குழம்பும்போதெல்லாம் இந்த இடத்துக்குத் திரும்பி வாருங்கள்.

கீழே உள்ள கட்டணங்கள் இதை எழுதும்போது உள்ளவை. பணம் கட்டும் முன் அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. உங்கள் பிள்ளைக்குத் தானாக வருமா என்று பாருங்கள்

பெற்றோரில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகனாக வேண்டும். இருவரும் ஆக வேண்டியதில்லை. பிள்ளைக்கு 18 வயது நிரம்பியிருக்கக் கூடாது, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. கையில் கிரீன் கார்டு இருக்க வேண்டும். குடிமகனான அந்தப் பெற்றோரின் சட்டப்படியான பொறுப்பில், அவரோடு சேர்ந்து, அமெரிக்காவிலேயே வசிக்க வேண்டும். இவை எந்த வரிசையில் கூடினாலும் சரி. அப்பா குடிமகன் ஆன பிறகு பிள்ளைக்குக் கிரீன் கார்டு வந்தாலும் செல்லும். எல்லாம் 18ஆவது பிறந்தநாளுக்கு முன் கூடிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஆட்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

பிள்ளை எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்குத் தரும் விசா) இருந்தால் வராது. பெற்றோருக்கு மட்டும் கிரீன் கார்டு வந்து பிள்ளையுடையது எங்கோ சிக்கிக்கொண்ட குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே முதலில் பிள்ளைக்குக் கிரீன் கார்டு வாங்கியாக வேண்டும்.

பிள்ளை கிரீன் கார்டு வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் தாத்தா பாட்டி வீட்டில் தங்கிப் படித்தாலும் வராது. அமெரிக்காவில் பெற்றோருடன் வசிப்பது கட்டாயம். வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைக்கு என்-600கே என்று வேறு வழி இருக்கிறது. அதற்குக் குடிமகனான பெற்றோர் (அல்லது அவரைப் போலவே குடிமக்களான அவருடைய அப்பாவோ அம்மாவோ) அமெரிக்காவில் 5 வருடம் இருந்திருக்க வேண்டும். அதில் 2 வருடமாவது 14 வயதுக்குப் பிறகு. அந்த வேலையும் 18 வயதுக்குள் முடிந்தாக வேண்டும்.

மனைவியின் அல்லது கணவரின் முந்தைய திருமணத்துப் பிள்ளை என்றால், உங்கள் குடியுரிமை அந்தப் பிள்ளைக்குப் போகாது. முறைப்படி தத்தெடுத்திருந்தால் கதை வேறு. விவாகரத்தான பெற்றோர் என்றால் பிள்ளையின் பொறுப்பு யாரிடம் என்ற நீதிமன்ற உத்தரவு தேவை. கூட்டுப் பொறுப்பு என்று இருந்தாலும் பரவாயில்லை.

எல்லாம் கூடிவிட்டால், "வேண்டாம், இந்தியக் குடிமகனாகவே இருக்கட்டும்" என்று சொல்லும் வாய்ப்பு உங்களிடம் இல்லை. என் மனைவிக்கு இதை விளங்க வைக்கத்தான் எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

2. பிள்ளைக்கு 16, 17 வயது என்றால் காலண்டரைக் கையில் எடுங்கள்

நேர்காணலில் தேறிவிட்டேன் என்பது கணக்கில் வராது. உறுதிமொழி எடுத்த தேதிதான் கணக்கு. அது பிள்ளையின் 18ஆவது பிறந்தநாளுக்கு முன் இருக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பிள்ளை தனக்கென்று தனியாக என்-400 போட வேண்டும். ஆன்லைனில் 710 டாலர், காகிதத்தில் 760 டாலர். அதோடு பிள்ளைக்கும் கிரீன் கார்டு வாங்கி 5 வருடம் ஆகியிருக்க வேண்டும், தனியாகத் தேர்வும் எழுத வேண்டும்.

அதனால் உங்கள் என்-400 விண்ணப்பத்தை ஆறப் போடாதீர்கள். 5 வருடம் நிறைவதற்கு 90 நாள் முன்பே அனுப்பலாம். அதில் பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் பிறந்த தேதியையும் சரியாக எழுதுங்கள். நேர்காணலுக்குப் போகும்போது, பிள்ளையின் பிறந்தநாள் நெருங்குகிறது, உறுதிமொழி விழாவைச் சீக்கிரம் வைக்க முடியுமா என்று அதிகாரியிடம் கேளுங்கள். சில அலுவலகங்களில் அன்றே உறுதிமொழி நடக்கிறது. நான் கேட்கக் கூச்சப்பட்டேன். ஏழு வாரம் தூக்கம் போனதுதான் மிச்சம்.

3. காகிதங்களை உறுதிமொழிக்கு முன்பே திரட்டிவிடுங்கள்

வேண்டியவை: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் குடியுரிமைச் சான்றிதழ், பெற்றோரின் திருமணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளையின் கிரீன் கார்டு, பிள்ளையின் இந்தியப் பாஸ்போர்ட், நீங்களும் பிள்ளையும் ஒரே முகவரியில் இருப்பதற்கு இரண்டு மூன்று சான்றுகள். கடைசியாகச் சொன்னதற்குப் பள்ளிக்கூடக் கடிதம், தடுப்பூசிப் பதிவு, பிள்ளையின் பெயர் உள்ள வருமான வரிப் படிவம் எல்லாம் உதவும். எதுவானாலும் மூலமும் நகலும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நகல் வெள்ளைத் தாளில், ஒரு பக்கம் மட்டும்.

பிறப்புச் சான்றிதழில்தான் நம்மவர்களுக்குத் தலைவலி. மூன்று விதமாக வரும்.

பெயர் இடம் காலியாக இருக்கும். பிறந்தவுடன் ஆஸ்பத்திரியிலிருந்து பதிவு போயிருக்கும், நாம் அப்புறம் பெயர் சேர்க்கவே இல்லை. "ஆண் குழந்தை" என்று மட்டும் உள்ள சான்றிதழ் எதற்கும் உதவாது. ஊரில் பதிவு செய்த நகராட்சியிலோ மாநகராட்சியிலோ பெயர் சேர்த்துப் புதிய சான்றிதழ் வாங்க வேண்டும். முதல் 12 மாதம் வரை கட்டணமில்லை, அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. இதற்கு யாரையாவது ஊரில் அலையவிட வேண்டியிருக்கும், அதனால் இந்த வேலையை முதலில் தொடங்குங்கள்.

அடுத்தது இனிஷியல். சான்றிதழில் அப்பா பெயர் "எஸ். முருகன்". அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழில் "முருகன் சுப்பையா". நமக்கு இரண்டும் ஒன்றுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு தெரியும். அங்கே மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இவர்கள் இரண்டு பேர். நான் இரண்டு காகிதம் சேர்த்தேன். ஒன்று, பிள்ளையின் இந்தியப் பாஸ்போர்ட் கடைசிப் பக்க நகல். அதில் அப்பா அம்மா பெயர் இருக்கும். இன்னொன்று, இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம். நோட்டரிக்கு என் வங்கியில் காசு கேட்கவில்லை.

மூன்றாவது தலைவலி, மொழி. இப்போது வரும் சான்றிதழ்களில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். என் மகளுடையது பழையது, கையால் தமிழில் எழுதியது. மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர், தனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். குடியேற்றத் துறைக்கு அதுவே போதும். பாஸ்போர்ட்டுக்கு அந்தக் கையெழுத்தை நோட்டரி முன் போட்டுவிடுங்கள். நீங்களே மொழிபெயர்க்காமல் தமிழ் தெரிந்த நண்பர் ஒருவரைக் கேளுங்கள்.

உங்கள் குடியுரிமைச் சான்றிதழில் அதை நகலெடுப்பது குற்றம் என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்து ஜெராக்ஸ் மெஷின் பக்கமே போகாதவர்களை எனக்குத் தெரியும். சட்டப்படியான தேவைக்கு நகலெடுக்கலாம். பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு அவர்களே நகல் கேட்கிறார்கள்.

4. முதலில் பாஸ்போர்ட்

படிவம் டிஎஸ்-11. ஆன்லைனில் நிரப்பி அச்செடுக்கலாம், ஒவ்வொரு பக்கமும் தனித்தாளில். கையெழுத்து மட்டும் போடாதீர்கள். அதிகாரி சொல்லும்போது அவர் முன்னால்தான் போட வேண்டும். அப்பா அம்மா இருவரைப் பற்றியும் அமெரிக்கக் குடிமகனா என்று கேட்கும். இல்லாதவருக்கு இல்லை என்றே எழுதுங்கள், ஒன்றும் ஆகாது. புகைப்படம் இரண்டுக்கு இரண்டு அங்குலம், கண்ணாடி இல்லாமல்.

16 வயதுக்குக் கீழே என்றால் பிள்ளையும் பெற்றோர் இருவரும் நேரில் வர வேண்டும். ஒருவர் வர முடியாவிட்டால் அவர் டிஎஸ்-3053 என்ற சம்மதப் படிவத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டு, அங்கே காட்டிய அடையாள அட்டையின் நகலோடு கொடுத்தனுப்ப வேண்டும். 16, 17 வயதுக்குப் பெற்றோரில் ஒருவர் கூட வந்தால் போதும்.

கட்டணம்: 16க்குக் கீழே 100 டாலர், மேலே 130 டாலர். இதோடு விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும் இடத்துக்குத் தனியாக 35 டாலர். முதல் தொகை வெளியுறவுத் துறை பெயரில் காசோலையாக. அதில் பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் எழுதிவிடுங்கள். காசோலைப் புத்தகமே இல்லை என்றால் மணி ஆர்டர். 35 டாலரை எப்படி வாங்குவார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். அவசரம் என்றால் கூட 60 டாலர், பாஸ்போர்ட் வேகத் தபாலில் வர 22.05 டாலர். சாதாரணமாக 4 முதல் 6 வாரம், அவசரத்துக்கு 2 முதல் 3 வாரம். தபாலில் போய்வரும் நாட்கள் இதில் சேராது.

இப்போது நான் விடுப்பை வீணாக்கிய கதை. தபால் நிலையம், நூலகம், கவுன்டி அலுவலகம் என்று பல இடங்களில் டிஎஸ்-11 வாங்குவார்கள். முதலில் போன இடத்தில் கவுன்டரில் இருந்த அம்மா என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, "பையனுடைய சான்றிதழ் எங்கே?" என்றார். அவனுக்கென்று தனியாக இல்லை, என் சான்றிதழ்தான் அவனுக்கும் என்றேன். "அப்படியென்றால் இவன் சிட்டிசன் இல்லையே" என்று முழுக் கட்டையும் திருப்பித் தள்ளினார். மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், என்னப்பா பொய் சொல்லி அழைத்து வந்தாயா என்பது போல. மனைவி வாசலைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து டிஎஸ்-11 படிவத்தின் முன்பக்கங்களில் உள்ள குறிப்புகளை நிதானமாகப் படித்தேன். அங்கேயே இருக்கிறது: பெற்றோரின் குடியுரிமை வழியாகக் கோருபவர்கள் என்னென்ன தர வேண்டும் என்று ஒரு பத்தி. பெற்றோரின் சான்றிதழ், பிள்ளையின் வெளிநாட்டுப் பிறப்புச் சான்றிதழ், நிரந்தரக் குடியிருப்புக்கு அனுமதி கிடைத்ததற்குச் சான்று, பெற்றோரின் திருமணச் சான்றிதழ் அல்லது பிள்ளை உங்கள் பொறுப்பில் இருப்பதற்குச் சான்று. அந்தப் பத்திக்கு மஞ்சள் மார்க்கர் அடித்து, கட்டின் மேல் வைத்து, அடுத்த வாரம் வேறொரு இடத்துக்குப் போனோம். இருபது நிமிடத்தில் வாங்கிக்கொண்டார்கள். நீங்களும் அந்தப் பக்கத்தை அச்செடுத்து எடுத்துப் போங்கள். வாக்குவாதம் வேண்டாம், காட்டினால் போதும். ஒத்துவரவில்லை என்றால் அடுத்த இடம்.

அதோடு முடியவில்லை. மனைவிதான் குடிமகள் இல்லையே, திருமணச் சான்றிதழ் எதற்கு என்று அதை நான் வைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து அதைக் கேட்டுக் கடிதம் வந்தது. அப்படி வந்தால் பதறாதீர்கள். கேட்டதை மட்டும், கடிதத்தின் நகலோடு, அவர்கள் குறித்த கெடுவுக்குள் அனுப்புங்கள். புதிய விண்ணப்பம் போட வேண்டாம்.

மூலச் சான்றிதழ்கள் பாஸ்போர்ட்டோடு வராது, வேறு உறையில் பிறகு வரும். சில வாரம்கூட ஆகலாம். அதுவரை உங்கள் குடியுரிமைச் சான்றிதழ் உங்கள் கையில் இருக்காது. அதனால் உங்கள் பாஸ்போர்ட்டுக்கும் பிள்ளைகளுடையதற்கும் ஒரே நாளில், ஒரே கவுன்டரில் கொடுத்து, ஒரே உறையில் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். அதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. என்-600 வேண்டுமா?

இது பிள்ளையின் பெயரிலேயே குடியுரிமைச் சான்றிதழ் வாங்கும் படிவம். ஆன்லைனில் 1,335 டாலர், காகிதத்தில் 1,385 டாலர். இரண்டு பிள்ளை என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். காத்திருப்பும் மாதக்கணக்கில். ஆன்லைனிலேயே போடுங்கள்; காகிதத்துக்கு இப்போது பொதுவாகக் காசோலை வாங்குவதில்லை, கார்டு விவரத்தை ஜி-1450 என்ற படிவத்தில் தனியாக எழுதி இணைக்க வேண்டும்.

இது கட்டாயமில்லை. பாஸ்போர்ட்டே முழுமையான சான்று. ஆனால் பாஸ்போர்ட் காலாவதியாகும், தொலையும். சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. எந்தத் தேதியில் குடியுரிமை வந்தது என்பதும் அதில் இருக்கும். 18 தாண்டிய பிறகும் என்-600 போடலாம், ஏனென்றால் கோருவது முன்பே வந்த ஒன்றை. அதனால் அவசரமில்லை. என் கருத்தில், விவாகரத்து, தத்து, பெயர்க் குழப்பம் என்று ஏதாவது சிக்கல் இருக்கும் வீடுகளில் காகிதங்களும் ஆட்களும் கைக்கு எட்டும் இப்போதே வாங்கிவிடுவது நல்லது. நாங்கள் மகளுக்குப் போட்டோம். 18ஐ ஒட்டி வந்த விஷயம், நாளைக்கு யாராவது தேதி கேட்டால் காட்ட வேண்டுமே. மகனுக்கு இன்னும் போடவில்லை.

பிள்ளைக்கு என்-400 போடாதீர்கள். கிரீன் கார்டு காலாவதியாகிறதே என்று ஐ-90 போட்டுப் புதுப்பிக்கவும் செய்யாதீர்கள். பிள்ளை இப்போது கிரீன் கார்டுக்காரர் இல்லை. 415 டாலர் தண்டம்.

6. சோஷியல் செக்யூரிட்டி

பாஸ்போர்ட் வந்ததும், பிள்ளை குடிமகன் ஆனதை சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். எஸ்எஸ்-5 படிவம், கட்டணம் கிடையாது. பிள்ளை குடிமகன் ஆனது அவர்களுக்குத் தானாகத் தெரியாது. கல்லூரி உதவித்தொகைக்கான ஃபாஃப்ஸா விண்ணப்பம் குடியுரிமையை சோஷியல் செக்யூரிட்டி பதிவோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கும். பதிவு மாறாமல் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை இருந்தால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

7. இந்தியப் பயணம், பழைய பாஸ்போர்ட், ஓசிஐ

உறுதிமொழி மே மாதம், ஊருக்கு டிக்கெட் ஜூன் மாதம். இந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள். நீங்கள் உறுதிமொழி எடுத்த அன்றே பிள்ளையும் அமெரிக்கக் குடிமகன். அமெரிக்காவை விட்டுப் போகவும் திரும்பி வரவும் அமெரிக்கப் பாஸ்போர்ட்தான் வேண்டும். "கிரீன் கார்டுதான் இருக்கிறதே, இந்தியப் பாஸ்போர்ட்டில் போய்வந்துவிடலாம்" என்பது இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் ஒத்துவராது. அமெரிக்கப் பாஸ்போர்ட், அப்புறம் இந்திய விசா அல்லது ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும் அட்டை) என்று எல்லாம் கைக்கு வர நான்கைந்து மாதம் ஒதுக்குங்கள். நாங்கள் அந்தக் கோடையில் ஊருக்குப் போகவில்லை. மச்சான் கல்யாணத்தை வீடியோவில் பார்த்தோம்.

இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. பிள்ளையின் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். அமெரிக்காவில் இந்த விண்ணப்பங்களை இந்தியத் தூதரகம் சார்பில் விஎஃப்எஸ் என்ற தனியார் நிறுவனம் வாங்குகிறது. ஒப்படைத்த சான்றிதழ் இல்லாமல் ஓசிஐ நகராது. உங்களுடையதையும் பிள்ளைகளுடையதையும் சேர்த்தே போடுங்கள், ஆனால் ஆளுக்கு ஒரு விண்ணப்பம், ஆளுக்கு ஒரு உறை.

ஓசிஐக்கு ஆளுக்கு 275 டாலர், பிள்ளைக்கும் அதேதான். சேவைக் கட்டணமும் தபால் செலவும் தனி. 18 வயதுக்குக் கீழே என்றால் அப்பா அம்மா இருவர் கையெழுத்தும் வேண்டும். பிள்ளை சார்பில் எங்கே யார் கையெழுத்திடுவது, படத்தின் பின்னணி என்ன நிறம் என்பதையெல்லாம் அவர்கள் தரும் சரிபார்ப்புப் பட்டியலில் உள்ளபடியே செய்யுங்கள். பட்டியலை அச்செடுத்து ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். எங்களுக்கு ஒருமுறை திரும்பி வந்தது, மகனின் கையெழுத்து கட்டத்தைத் தொட்டுவிட்டது என்று.

20 வயது வரை ஒவ்வொரு புதிய பாஸ்போர்ட் வாங்கும்போதும், அதன் நகலையும் புதிய படத்தையும் 3 மாதத்துக்குள் ஓசிஐ இணையதளத்தில் ஏற்ற வேண்டும், இதற்குக் கட்டணமில்லை. 20 தாண்டி முதல் பாஸ்போர்ட் வாங்கும்போது மட்டும் ஓசிஐ அட்டையையே மாற்ற வேண்டும். மகளின் பாஸ்போர்ட் 16க்குப் பிறகு வாங்கியது என்பதால் 10 வருடம் செல்லும். மகனுடையது 5 வருடம்தான், 17 வயதில் அவன் மறுபடி டிஎஸ்-11 நிரப்ப வேண்டும். ஆனால் அப்போது அவனுடைய பழைய பாஸ்போர்ட்டே குடியுரிமைக்குச் சான்று. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், மஞ்சள் மார்க்கர் எதுவும் வேண்டியதில்லை.